அடுத்தவர் ஆத்துமாவின் டாக்டர்

விரக்தி பொல்லாத வியாதி. அது வந்தவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்கள் பாட்டுக்கு ஓரமாக இருக்கிறார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. நான் எழுதப்போவது அந்த வியாதியை அடுத்தவரிடம் கண்டுபிடித்துக் கொடுக்கும் இனத்தைப் பற்றி. உங்கள் ஆத்துமாவை உங்களைக் கேட்காமலே திறந்து பார்த்து, நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, உதட்டைப் பிதுக்கி, மருந்து மட்டும் எழுதித் தராமல் அனுப்பிவைக்கும் டாக்டர்கள். பட்டமும் வாங்காதவர்கள், ஃபீஸும் வாங்காதவர்கள். ஃபீஸ் வாங்கினாலாவது ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். கையில் பழுப்புக் காகித அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். அதன் நடுவே ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும். நீங்கள் பார்க்கும்போதெல்லாம் அந்த டிக்கெட் அதே பக்கத்தில் இருக்கும். உங்களைக் கண்டதும் தலையைச் சற்றே சாய்த்து, "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். ஜாக்கிரதை! இது குசலம் விசாரிப்பதல்ல, பரிசோதனை. "நல்லா இருக்கேன்" என்றீர்களோ, தீர்ந்தது. வியாதி இருப்பதே தெரியாத நிலைதான் முற்றிய நிலை. "ஏதோ போகுது" என்றால் இரண்டாம் வகை. "எனக்கென்ன சார் குறைச்சல்?" என்று சிலிர்த்துக்கொண்டால் மூன்றாம் வகை, பிடிவாத விரக்தி. நீங்கள் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் படுக்கை உண்டு. நான் ஒருமுறை சாமர்த்தியமாக, "பல்வலி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பல்லு சும்மா சாக்கு பிரதர்" என்றார் கிளிஃபர்ட்.

இந்த இனத்தில் நான் கண்ட மிகச் சிறந்த மாதிரி அவர்தான். ஐம்பத்து மூன்று வயது, சுத்தமான வெள்ளை அரைக்கைச் சட்டை, பேசும்போது மூடிக்கொள்ளும் கண்கள். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் என் மனைவி போகும் சபையின் பின்பக்க ஹாலில், புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் வகுப்பு நடத்துவார். என் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவள். நான் புதன்கிழமை டீக்குப் போகிறவன். அல்சூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். பிறர் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்கிறவனுக்கு கிளிஃபர்ட்டைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் உண்டா?

வகுப்பில் எல்லோரும் அவரை "புரொஃபசர்" என்பார்கள். அவர் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தார். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தான் புரொஃபசர் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் வடக்கே ஒரு குளிர் தேசத்தில் வாழ்ந்த கிறிஸ்தவத் தத்துவஞானி ஒருவரின் போதனை அது. மனிதனுக்கு 'தான்' என்று ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு அதுவாகவே இருப்பதுதான் அவனுக்கு இட்ட வேலை. அவனோ, அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியாமல் தின்று தூங்குகிறான். அல்லது தெரிந்தும், வேறு யாராகவாவது இருந்தால் தேவலை என்று தவிக்கிறான். அல்லது, நான் நானேதான், கடவுள் உட்பட எவனும் எனக்குக் கைகொடுக்க வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறான். மூன்றுக்கும் பெயர் விரக்தி. தன்னைப் படைத்தவர் முன்னால் ஒளிவு மறைவில்லாமல், இருக்கிறபடி நின்றுவிடுவது மீட்பு. நல்ல சரக்கு, சந்தேகமில்லை. அந்த ஞானி இதைத் தனக்காக எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். கிளிஃபர்ட் எங்களுக்காகப் படித்தார்.

அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செண்பகம் சிஸ்டர் என்று ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் இறந்த நாலாம் மாதம், வகுப்பில் யாரோ சொன்ன ஜோக்குக்குப் பாவம், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கிளிஃபர்ட் கண்ணை மூடி, "சிஸ்டர், உங்க சிரிப்புலதான் உங்க விரக்தி நல்லாத் தெரியுது" என்றார். அந்த அம்மாள் அதற்கப்புறம் இரண்டு வாரம் பிஸ்கெட்டைக்கூடச் சத்தம் வராமல் கடித்தார்.

இப்படி நாங்கள் நோயாளிகளாகச் சௌக்கியமாக இருந்துவரும்போது, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்தது. சபையில் ஒரு சிறப்புக் கூட்டம் ஏற்பாடாயிற்று. வெளியூரிலிருந்து ஓர் இறையியல் கல்லூரியின் முதல்வர் தலைமை தாங்க, கிளிஃபர்ட் பேச வேண்டும். பேச்சு நன்றாக இருந்தால் புத்தகமாகப் போடலாம் என்று முதல்வர் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் கிளிஃபர்ட் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நோட்டீஸ் என் அச்சகத்தில்தான் தயாரானது. 'பேராசிரியர் கிளிஃபர்ட்' என்று நானே போட்டு, ப்ரூஃபை அவரிடம் கொடுத்தேன். சிவப்பு மையில் இரண்டு ஒற்றுப் பிழையைத் திருத்தினார். முதல் வார்த்தையைத் தொடவில்லை.

அந்த நோட்டீஸ்களைச் சுவர்களில் ஒட்டியவனும் நான்தான். ஈஜிபுராவில் ஓர் அபார்ட்மெண்டுக்கு எதிரே, டீக்கடைச் சுவரிலும் ஒன்று ஒட்டினேன். அந்த அபார்ட்மெண்டில் காவலாளியாக இருந்தவர் டேரில், கிளிஃபர்ட்டின் கூடப்பிறந்த அண்ணன். அவர் வேலை பார்ப்பது அங்கேதான் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு கிளிஃபர்ட் வீட்டில் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். இருவரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள், அப்பா சுரங்கத் தொழிலாளி என்றெல்லாம் அவர்தான் சொன்னார், கிளிஃபர்ட் அல்ல. அப்பா செத்ததும், தம்பி சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று அண்ணன் இறங்கினார். சுரங்கத்தை மூடிய பிறகு, அங்கிருக்கும் ஆயிரம் பேரைப் போல தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வந்து, செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஹால் நிரம்பிவிட்டது. வாசலில் முதல்வருக்குச் சால்வை போட்டு, கிளிஃபர்ட் பவ்யமாகப் பக்கத்தில் நிற்கிறார். நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். அப்போது கேட்டைத் திறந்துகொண்டு டேரில் வந்தார். பாதி நாளுக்கு மாற்றாள் வைத்துவிட்டு, உடை மாற்ற நேரமில்லாமல் அப்படியே ஓடி வந்திருக்கிறார். நீலச் சீருடை, தோளில் கம்பெனிப் பட்டை, தொங்கும் விசில், கையில் தொப்பி, சட்டைப் பையில் நாலாக மடித்த நம் நோட்டீஸ். முகமெல்லாம் சிரிப்பு. "டேய் கிளி..." என்று ஆரம்பித்தவர், முதல்வரைப் பார்த்ததும் மரியாதையாக நிறுத்திக்கொண்டார்.

முதல்வர் நல்ல மனிதர். "இவர்?" என்று புன்னகையோடு திரும்பினார்.

கிளிஃபர்ட், "செக்யூரிட்டி சார்" என்றார். "கூட்டம் ஜாஸ்தியா வரும்னு இன்னிக்கு ஸ்பெஷலா வரச் சொன்னோம்."

டேரிலின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொப்பியைத் தலையில் வைத்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் போனார்.

அவர் யாரென்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஃபேன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

கூட்டம் தொடங்கியது. டேரில் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தார். "ஸ்வல்ப ஹிந்தே சார், ஹிந்தே" என்று ஸ்கூட்டர்களைப் பின்னால் தள்ளச் சொல்லி, விசில் ஊதி, வரிசையாக நிறுத்தினார். சபை கட்டியதிலிருந்து அந்த வாசலில் வண்டிகள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. உள்ளே கிளிஃபர்ட் அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. டீ வந்ததா என்று பார்க்கிற சாக்கில் வெளியே வந்தேன்.

அதே நேரம் மலர் வந்து சேர்ந்தார். கிளிஃபர்ட்டின் மனைவி, கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடித்து நேரே வருகிறார். கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"மாமா! நீங்க எப்ப வந்தீங்க? இங்க இன்னா பண்றீங்க? உள்ள வாங்க."

"இங்கயே நல்லா கேக்குதும்மா. மைக்கு இருக்குதில்ல."

"விசிலு ஊதினு நிக்கிறீங்க! யாரு நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வண்டிங்க ஜாஸ்தி. நான்தான் பாத்துக்கறேன்னு..." டேரில் வேறு பக்கம் பார்த்தார்.

மலர் என்னிடம் திரும்பினார். "அசோகன் அண்ணா, நீங்க சொல்லுங்க."

சொன்னேன். முதல்வர் கேட்டதையும் கிளிஃபர்ட் சொன்னதையும் சொன்னேன். ஃபேன் சுவிட்சைச் சொல்லவில்லை.

மலர் கத்தவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்தார். ஹால் ஓரத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டருகே போட்டார். "உக்காருங்க மாமா" என்று அவரை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். ஹாலின் பெரிய ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

உள்ளே பேச்சு இரண்டாம் வகைக்கு வந்திருந்தது. "இந்த மனுஷனுக்குத் தான் யாருன்னு தெரியும்" என்றார் கிளிஃபர்ட், கண்ணை மூடியபடி. "ஆனா அந்த ஆளா இருக்க அவனுக்கு மனசு இல்ல. அவன் இன்னொருத்தனா..." இங்கே கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே காவலாளியும் காவலாளிக்குப் பக்கத்தில் தன் மனைவியும். "இன்னொருத்தனா... அவன்..."

தண்ணீர் குடித்தார். தாளைப் புரட்டினார். நேரே மூன்றாம் வகைக்குப் போய்விட்டார்.

கைதட்டலுக்குக் குறைவில்லை. முதல்வர் முடிவுரையில், "இரண்டாவது வகையை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லியிருக்கலாம், புத்தகமாப் போடறப்ப சேத்துடுங்க" என்றார். டேரில் அதற்குள் ரயிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை வகுப்பு இல்லை. வைரல் ஃபீவர் என்று செய்தி வந்தது. அதற்கடுத்த புதனும் ஃபீவர். மூன்றாம் வாரம் அச்சகத்துக்கே வந்து நின்றார் மனிதர். கன்னம் ஒட்டியிருந்தது.

"பிரதர், ஞாயித்துக்கிழம அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்களும் வரணும்."

"நானெதுக்கு? மலர் சிஸ்டர் வரலையா?"

"நீங்களே போய் சரிபண்ணிட்டு வாங்கன்னுட்டா. அந்த நாள்லேர்ந்து வீட்டுல சாப்பாடு போடறா, துணி தோச்சு வெக்கறா, பேச்சு மட்டும் இல்ல." குரல் தழைந்தது. "தனியாப் போக பயமா இருக்கு பிரதர்."

அவர் என்னிடம் தனக்கு என்னவோ இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போனேன்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். மன்னிப்புக் கேட்பதை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதியிருந்தார். முதல் பகுதி தவறின் தன்மை, இரண்டாவது அதன் வேர், மூன்றாவது மீட்பு. நடுவில் உட்தலைப்புகூட இருந்தது. பங்காரப்பேட்டை தாண்டும்வரை உதடு அசைய அசைய மனப்பாடம் செய்தார்.

தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்றில் டேரில் இருந்தார். நாங்கள் தெருவில் நுழைந்ததும் எதிரே தண்ணீர் லாரி வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. டேரில் பனியனோடு, இரண்டு கையிலும் குடம் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தம்பியைப் பார்த்தார்.

"அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"இந்தா, இதப் புடி. லாரி போயிடும்" என்று ஒரு குடத்தை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினார். இன்னொரு குடம் எனக்கு.

நாற்பது நிமிடம் தண்ணீர் சுமந்தோம். டேரில் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் சேர்த்து. கிளிஃபர்ட் இரண்டு தடவை கால் வழுக்கி, ஒரு குடத்தை முழுசாகத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். எல்லாம் முடிந்து வாசற்படியில் உட்கார்ந்தபோது சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மை கரைந்து, மூன்று பகுதியும் ஒரே நீலமாகியிருந்தது.

அதைக் கசக்கிப் படியில் வைத்தார். பிறகு, "அண்ணா, அன்னிக்கு உன்ன செக்யூரிட்டின்னு சொல்லிட்டேன்" என்றார். தலைப்பில்லை, கண்ணை மூடவும் இல்லை.

"நான் செக்யூரிட்டிதானடா. அதுல இன்னா பொய்யி?" டேரில் பனியனால் முகத்தைத் துடைத்தார். "அது எனக்கு வலிக்கல. அண்ணன்னும் சொல்லிருக்கலாம். பாதி நெசத்த சொல்லிட்டு மீதிய முழுங்கிட்ட பாரு, அதான். ரயில்ல வரும்போது அழுதுட்டேன்டா. என் வயசுக்கு."

கிளிஃபர்ட் அழுதார். அழகாக அழவில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்க்கும்படி அழுதார். "நான் ஏன் இப்படி இருக்கேன்னே தெரியலண்ணா. எங்க போனாலும் வேற யாரோ மாதிரியே நிக்கிறேன்."

மூன்று வகைக்கும் தெளிவுரை சொல்லக்கூடிய மனிதர், தன் வியாதியின் பெயர்கூடத் தெரியாத நோயாளியைப் போலத் திணறினார். டேரில் அவர் முதுகில் கை வைத்தார். எந்த வகை என்று கேட்கவில்லை.

"உனக்கு என்னைக்கும் இந்த பேஜாருதான். ஏந்திரு. சட்ட ஈரமா இருக்குது, மாத்திக்க. மட்டன் வாங்கியாந்து வெச்சிக்கிறேன்" என்றார். கிளிஃபர்ட் அண்ணனுடைய பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மூன்று வாரப் பசி.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை வகுப்பு நடந்தது. கிளிஃபர்ட் புத்தகத்தைத் திறக்காமல் எழுந்து நின்றார். வெளுத்துப்போயிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும். நான் புரொஃபசர் இல்ல. காலேஜ் லைப்ரரியில அசிஸ்டென்ட். புக்கு அடுக்கறது, லேபிள் ஒட்டறதுதான் வேல. அன்னிக்குக் கேட்டுல நின்னவரு எங்க அண்ணன். கேட்டப்ப இல்லன்னு சொன்ன மாதிரி பண்ணிட்டேன்."

நாலு பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

செண்பகம் சிஸ்டர் பிஸ்கெட்டைக் கீழே வைத்தார். "அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாது பிரதர். அது தப்புதான், பெரிய தப்பு. ஆனா லைப்ரரி விஷயம் தெரியும். எங்க அக்கா மக அந்தக் காலேஜ்லதான் படிச்சா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆறு வருஷமா. இங்க எல்லாருக்கும் தெரியுமே?"

கிளிஃபர்ட் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் டீயைப் பார்த்தார்கள். ஆறு வருடமாக அந்த மனிதர் தூக்கிச் சுமந்த முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஹால் முழுக்கத் தெரியும். தெரிந்தேதான் புதன்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். கிளிஃபர்ட் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முதலில் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். கண்ணும் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் அழியக்கூடியதா? ஒரு மாதம் போனது. கிளிஃபர்ட் நாலாவதாக ஒரு வகையைக் கண்டுபிடித்துவிட்டார்: பாவத்தை வெளியே சொல்லத் துணிவில்லாதவர்களின் விரக்தி. "அசோகன் பிரதர், உங்ககிட்டயும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கும்" என்று தலையைச் சாய்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னது சரியென்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

ஒரே ஒரு வித்தியாசம். இப்போதெல்லாம் டேரில் புதன்கிழமைகளில் முன்வரிசையில் உட்காருகிறார். அவர் வந்த முதல் வகுப்பிலேயே தம்பி அவரை எழுப்பி நிறுத்தி, "எங்க அண்ணன். ஈஜிபுராவுல செக்யூரிட்டியா இருக்காரு" என்று இரண்டையும் சேர்த்து அறிமுகம் செய்தார். தம்பி யாருக்காவது நாடி பார்க்க ஆரம்பித்தால், "டேய், அவங்கள வுடுடா. உன்னுத சொல்லு" என்று டேரில் குரல் கொடுப்பார். கிளிஃபர்ட் நின்று, மூச்சுவிட்டு, தன்னுடையதைச் சொல்வார். சில வாரம் சுருக்கமாக, சில வாரம் முழுசாக. அந்த முழுசான வாரங்களில் நாங்கள் யாரும் டீயைத் தேடுவதில்லை.

இதை வாசித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ. "அச்சு அசல் அவரேதான்!" என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்ப வாட்ஸப்பையும் திறந்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள், நல்ல காரியம். அனுப்புவதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள்; காலையிலேயே இதை அவர் உங்களுக்கு அனுப்பியிருக்கலாம்.